முன் மூலை

மதியம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, கண்ணாடிக் கடையின் பின்கட்டில் தண்ணீர்த் தொட்டியோரம் குந்தி உட்கார்ந்து தராசு தன் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தான். துலக்கவில்லை, தேய்த்தான். கையில் இருந்தது கண்ணாடி விளிம்பின் கூர்மையை மழுக்குகிற சாணைக்கல்லில் உடைந்து விழுந்த விரல் நீளத் துண்டு. குழாயடியில் முகம் பார்க்க ஒரு வெட்டுத்துண்டைச் சாய்த்து வைத்திருந்தான். இடது விரலால் கன்னத்தை இழுத்துப் பிடித்து, கீழ்வரிசையில் வலப்பக்கக் கடைவாய்ப் பல்லின் தலையில் கல்லை வைத்து நிதானமாக இழுத்தான். அந்தச் சத்தம் வெளியே கேட்கவில்லை. மண்டைக்குள் மட்டும் யாரோ பெட்டியை நகர்த்துவது போல இருந்தது. காய்ந்த கல்லை வைத்தால் சூடேறி விளிம்பு தெறிக்கும் என்பது தொழில் பாடம். அதனால் நாலு இழுப்புக்கு ஒரு வாய் தண்ணீர் வைத்துக்கொண்டான். துப்பிய தண்ணீர் கண்ணாடி தேய்த்த தண்ணீரைப் போலவே பால் நிறமாக ஓடியது.

மேலே, அதே பக்கத்தில், இருந்த பல் உடைந்து போய், பல் டாக்டர் ஒருவர் 'கேப்' என்கிற தொப்பி ஒன்றை மாட்டியிருந்தார். வந்த வினை அதுதான். இடப்பக்கக் கீழ்ப்பற்கள் சொத்தையாகி வருஷத்துக்கு ஒன்றாகப் போய்விட, வலப்பக்கத்தை வைத்துத்தான் அவன் சாப்பாட்டையும் வாழ்க்கையையும் மென்றுகொண்டிருந்தான். அதுவும் உடைந்தபோது வேறு வழியில்லாமல் போய் மாட்டிக்கொண்டு வந்தான். தொப்பி ஒரு மயிரிழை உயரம். வாயை மூடினால் மற்ற பற்கள் சேருவதற்குள் அது முந்திக்கொண்டு போய் இடிக்கும். "தட்டுச்சுன்னா வாங்க, சரி பண்ணித் தர்றேன்" என்று மாட்டியவர் சொல்லித்தான் அனுப்பினார். லீவு கேட்டால் முதலாளி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்று இவன் போகவில்லை. பழகிவிடும் என்று விட்டான். பழகியது இவன் அல்ல, தாடை. மூடும்போது தொப்பியில் இடித்து, அதற்குப் பயந்து, இடப்பக்கம் வழுக்கிப் போய் நிற்கக் கற்றுக்கொண்டது.

தாடை போன வழிக்குத் தலை ஈடுகட்டியது. வலப்பக்கம் சாய்ந்தது. சாய்ந்த தலையைத் தாங்க வலத்தோள் ஏறியது. தோளுக்கு ஈடாக இடுப்பு இடப்பக்கம் ஒதுங்கியது. இதெல்லாம் ஒரே நாளில் நடக்கவில்லை என்பதால் அவனுக்குத் தெரியவில்லை. முதலில் கண்டுபிடித்தவள் பெண்டாட்டி.

"சட்டை ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது. தச்சவன் குடிச்சிருந்தானா, போட்டவன் குடிச்சிருக்கானா?"

"பட்டன் மாறியிருக்கும்."

"பட்டன் சரியாத்தான் இருக்கு. ஆளுதான் மாறியிருக்கு."

பிறகு செருப்பைத் தூக்கிக் காட்டினாள். இடது குதிகால் தேய்ந்து தரை தெரிந்தது, வலது புத்தம் புதிதாய் இருந்தது. வீட்டில் சிரித்துவிட்டுப் போகலாம். கடையில் முடியாது.

பாரம் தூக்குகிறவனுக்கு முதல் பிடி கையில் இல்லை, வாயில்தான். கை இறுகுவதற்கு முன்னால் பல் இறுகும். அதிலிருந்து கழுத்து, கழுத்திலிருந்து முதுகு, முதுகிலிருந்து கால் என்று ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொள்ளும். பல் உட்கார இடம் கிடைத்தால் ஆள் கம்பம் மாதிரி நிற்பான். கிடைக்கவில்லை என்றால் உடம்பு முழுக்க அந்த இடத்தைத் தேடிக்கொண்டு திரியும். தராசு திரிந்துகொண்டிருந்தான். கழுத்து கல்லாகிவிட்டது. வலது காதில் எப்போதும் ஒரு வண்டு.

அவனுக்குத் தராசு என்று பெயர் வந்ததே நேர் நடைக்காகத்தான். இளவயதில் ஒரு பந்தயத்தில், படுக்கைவாட்டில் தூக்கிய மேசைக் கண்ணாடியின் நடுவில் தளும்பத் தளும்ப டீயை வைத்து மாடிக்குக் கொண்டுபோய் இறக்கினான். ஒரு சொட்டு சிந்தவில்லை. அன்று முதல் முன்பிடி அவனுடையது. கண்ணாடியை இரண்டு பேர் தூக்கினால் முன்னால் போகிறவன் வைத்ததுதான் சட்டம். "படி" என்று அவன் சொன்னால் பின்னால் இருப்பவன் "வந்தேன்" என்பான். "திருப்பம்" என்றால் "வந்தேன்." பின்னால் இருப்பவனுக்கு வழி தெரியாது, கண்ணாடியும் முன்னவன் முதுகும்தான் தெரியும். தூக்குவதற்கு முன் முன்னவன் தன் பக்கத்துக் கீழ்மூலையில், பின்புறத்துப் பெயிண்ட்டின் மேல், சிவப்பு மெழுகுக் குச்சியால் ஒரு 'டிக்' போடுவான். வண்டியில் ஏற்றி இறக்கும்போது யாரும் முன்பின் மாற்றிவிடக் கூடாது என்பதற்காக. அந்த டிக் போடுகிற உரிமை கடையில் தராசுக்கு மட்டும்தான்.

பின்பிடி அவன் மச்சான். பெண்டாட்டியின் தம்பி. இவன்தான் கடையில் சேர்த்துவிட்டான். நல்ல கை. விளிம்பு தேய்ப்பதில் கடையில் அவனுக்கு நிகர் ஆள் கிடையாது, கட்டைவிரலால் ஓட்டிப் பார்த்தால் கூழாங்கல் போல இருக்கும். கொஞ்ச நாளாக அவன்தான் பின்னாலிருந்து எல்லாவற்றையும் சமாளித்துக்கொண்டிருந்தான்.

"மாமா, வலது ஏறுது."

"உன் கண்ணு ஏறுது. பாத்து வா."

"ஏறுது மாமா. நான் மணிக்கட்டுலதான் அதை இறக்கிட்டு வர்றேன்."

"இறக்கு. அதுக்குத்தான் உன்னைப் பின்னாடி போட்டிருக்கு."

கட்டர்காரர், வெட்டு மேசையில் நிற்கிற பெரியவர், ஒருநாள் எல்லார் காதிலும் விழும்படி கேட்டுவிட்டார்: "என்ன தராசு, எந்தத் தட்டுல கல்லு விழுந்துச்சு? ஒரு பக்கமாவே நிக்கிறே!" எல்லாரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. கண்ணாடி அறையிலிருந்து நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். அந்தப் பார்வை தராசுக்குத் தெரியும். முன்பு முன்பிடி பிடித்தவன் முழங்கால் வலி என்று நொண்டியபோது அவனையும் அப்படித்தான் பார்த்தார். அவனைத் தேய்ப்புத் தொட்டிக்கு மாற்றினார்கள், பிறகு கூட்டிப் பெருக்க விட்டார்கள், பிறகு ஒருநாள் அவன் வரவில்லை, ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவுமில்லை.

அதனால்தான் தொட்டியோரம், கல்லும் கையுமாக.

தொப்பியைத் தேய்க்காமல் எதற்குச் சொந்தப் பல்லைத் தேய்க்க வேண்டும் என்றால், அதற்கும் அவனிடம் காரணம் இருந்தது. கண்ணாடியில் ஒரு வகை உண்டு. சூளையில் வாட்டிக் கெட்டிப்படுத்தியது. சூளைக்குப் போவதற்கு முன் எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டலாம், தேய்க்கலாம். வெந்து வந்த பிறகு அதன் மேல் கல்லை வைத்தால் போச்சு, மொத்தமும் சர்க்கரை போல உதிர்ந்துவிடும். சட்டத்தில் பொருந்தாவிட்டால் சட்டத்தைத்தான் இழைக்க வேண்டும். பல்லில் மாட்டுகிற தொப்பியும் சூளையில் வெந்து வருவது என்று மாட்டியவர் வாயாலேயே கேட்டிருந்தான். வெந்ததில் கல் வைக்கக் கூடாது. ஆகவே சட்டத்தை இழைத்தான். சட்டம் என்பது அவன் பல்.

மூன்று நான்கு மதியங்கள் இழைத்தான். கடிக்கும்போது முன்னைவிடக் கொஞ்சம் இறங்கியது போல இருந்தது. பிறகு ஒரு காலை தண்ணீர் குடித்தபோது அந்தப் பல்லிலிருந்து ஒரு கம்பி காது வழியாக உச்சிக்குப் போய் நின்றது. தொட்டியோரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மச்சான் ஓடி வந்தான்.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல. பல்லு."

"டாக்டர்கிட்ட போங்களேன். நான் வேணா முதலாளிகிட்ட சொல்றேன்."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு."

அடுத்த வாரம் ஓர் உடற்பயிற்சிக் கூடத்துக்கு வேலை வந்தது. சுவர் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி. ஆள் உயரத்துக்கும் மேலே, தடித்த கண்ணாடிகள், மூலைகள் மழுக்கி வளைத்தவை. மூலைகளெல்லாம் மச்சான் தேய்த்தது. கூடம் மாடியில் இருந்தது, படி குறுகல். முதல் கண்ணாடியை ஏற்றிச் சுவரோடு நிறுத்தினார்கள். மச்சான் கீழே மரக்கட்டை வைக்கக் குனிந்தபோது தராசு பின்னால் நகர்ந்து நிமிர்ந்தான். எதிரே ஓர் ஆள் நின்றான். தலை ஒரு பக்கம், தாடை இன்னொரு பக்கம், வலத்தோள் காதைத் தொட முயல்வது போல ஏறி, இடுப்பு ஒதுங்கி, எவனோ அடிக்கக் கை ஓங்கியிருக்கிறான், அதற்கு விலகிக்கொண்டு நிற்கிறவன் போல. இத்தனை வருஷம் கண்ணாடிக்கு நடுவிலேயே புழங்கியவன், முழு ஆளாக அன்றுதான் தன்னைப் பார்த்தான். கண்ணாடித் தொழிலில் எவனும் முகம் பார்ப்பதில்லை, விளிம்பைத்தான் பார்ப்பான்.

"தூக்கலாமா மாமா?"

"வா" என்றான்.

இரண்டாவது கண்ணாடியின் பின்புறத்தில் சிவப்பு டிக் போட்டு, அடியில் வார் கொடுத்து, இருவரும் தூக்கினார்கள். தராசு மேலே, மச்சான் கீழே. படியில் ஏறும்போது பாரம் முழுக்கக் கீழே இருப்பவன் பக்கம்தான் இறங்கும். "படி." "வந்தேன்." "படி." "வந்தேன்." திருப்பத்தில் கண்ணாடியை நிமிர்த்திச் சுழற்ற வேண்டும். அதற்கு மூச்சுப் பிடித்து ஒரு எம்பு எம்ப வேண்டும். தராசு பல்லைக் கடித்தான்.

தேய்ந்த பல்லில் தொப்பி போய் உட்கார்ந்தது. கம்பி இறங்கவில்லை, இடி இறங்கியது. வாய் தானாகத் திறந்துகொண்டது, தாடை வழுக்கியது, பூட்டியிருந்த கழுத்தும் முதுகும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றன. ஒரு நொடிகூட இருக்காது. இடக்கை ஒரு விரற்கடை இறங்கியது. முன் மூலை படியின் விளிம்பில் 'டிக்' என்று தொட்டது. சின்னச் சத்தம்தான். பிறகு பெரிய சத்தம்.

உடைந்த கண்ணாடி மேலே நிற்பவனுக்கு வருவதில்லை. பலகை பலகையாகச் சரிந்து கீழே போனது. மச்சான் கையை விடவில்லை. விட்டிருந்தால் தப்பியிருப்பான். தொழிலில் முதலில் பழகுவது அதுதான், உடைந்தால் கையை விட்டு ஒதுங்கு. அவன் பிடித்துக்கொண்டு நின்றான், மாமா உடைந்த கண்ணாடி மேல் விழுந்துவிடுவார் என்றோ என்னவோ. கையுறைக்கும் சட்டைக் கைக்கும் நடுவில் ஒரு துண்டு மணிக்கட்டில் இறங்கியிருந்தது.

வண்டி ஓட்டி வந்தவர் தன் தோளில் கிடந்த துண்டைச் சுற்றிக் கட்டி மச்சானைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார். "நீயும் வாய்யா!" என்று கத்தினார்.

"நீங்க போங்க. யாராவது மிதிச்சுடுவாங்க. அள்ளிப்போட்டுட்டு வர்றேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரிந்தது.

உடைந்த கண்ணாடியைப் படிக்கத் தெரியாதவன் கண்ணாடிக்காரன் இல்லை. அடி எங்கே விழுந்ததோ அங்கிருந்து கீறல்கள் விசிறி போல விரியும். துண்டுகளை எடுத்துச் சேர்த்துப் பார்த்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும். படியில் கிடந்த முன் மூலைத் துண்டு உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு பக்கம் மச்சான் தேய்த்த வளைவு அப்படியே இருந்தது. வளைவின் நுனியில் மட்டும் உப்புத்தூள் போல நொறுங்கி வெளுத்திருந்தது. அங்கிருந்துதான் எல்லாக் கீறலும் கிளம்பியிருந்தன. திருப்பினான். சிவப்பு டிக். தன் கை.

மற்ற துண்டுகளைச் சாக்கில் போட்டுச் செருப்புக் காலால் மிதித்து நொறுக்கினான். யாரும் சேர்த்துப் பார்க்க முடியாதபடி. மூலையை நொறுக்க நொறுக்க டிக்கின் சிவப்பு எங்காவது தெரிந்துகொண்டே இருக்கும் என்று தோன்றியது. அதை மட்டும் பழைய செய்தித்தாளில் மடித்துச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டான். சாக்கு கடைக்குப் போகும், முதலாளி கிளறிப் பார்ப்பார். பை வீட்டுக்குப் போகும்.

முதலாளி வந்தார். சாக்கைக் காலால் தட்டினார்.

"எந்தப் பக்கம் தட்டுச்சு?"

"தெரியலங்க. திருப்பத்துல... திடீர்னு கனம் மாறின மாதிரி இருந்துச்சு."

"அவன் பக்கமா? பின்னாடிதானே?"

தராசு பேசவில்லை. தலையையும் ஆட்டவில்லை. அது ஏற்கெனவே ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் இருந்தது. முதலாளி அதைப் பார்த்துவிட்டு, சரி என்பது போல உதட்டைப் பிதுக்கினார். இல்லை என்று சொல்ல வேண்டுமானால் தலையை நிமிர்த்தியாக வேண்டும். தராசு நிமிர்த்தவில்லை.

"கைய விட்டவனுக்கு நம்ம கடையில இடமில்ல. உன் மச்சான்னு பாக்க முடியாது. ஆஸ்பத்திரியையும் அவனே பாத்துக்கட்டும். நீ நாளைக்கு வந்துடு, பின்பிடிக்கு வேற ஆள் போடறேன்."

"சரிங்க" என்றான். பல் விண்ணென்று தெறித்தது.

மறுநாள் காலை பையோடு குப்பைத் தொட்டிக்குப் போனான். ஒரு பெண் இடுப்பளவு குப்பைக்குள் நின்று வெறுங்கையால் கிளறிக்கொண்டிருந்தாள். பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தவன் அவள் கையைப் பார்த்துக்கொண்டே நின்றான். வெறும் குப்பையில் கண்ணாடி போடுகிறவன் மனிதனே இல்லை என்று கடையில் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறான். "என்னய்யா, போடணும்னா போட்டுட்டுப் போ" என்றாள் அவள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பினான். மச்சான் கையை அறுத்தவனுக்கு முகம் தெரியாத ஒருத்தியின் கையை அறுக்க மனம் வரவில்லை. அதை நினைத்து அவனுக்கே தன்மேல் ஆத்திரம் வந்தது. பொட்டலத்தோடு பை மறுபடி ஆணியில் தொங்கியது.

பெண்டாட்டி ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்தாள். மாற்றுத்துணி எடுக்க வந்தவள் அடுப்பங்கரை வாசலில் நின்றாள்.

"ரெண்டு விரல் மடங்க மாட்டேங்குதாம். நரம்பு தைச்சிருக்காங்க. இனிமே மடங்குமா மடங்காதான்னு சொல்ல முடியாதுன்னுட்டாங்க."

அவன் ரொட்டியைத் தண்ணீரில் நனைத்து முன்பல்லால் கடித்துக்கொண்டிருந்தான்.

"நான் கைய விடல அக்கா, விடல அக்கான்னு அதையே சொல்லிட்டுக் கிடக்கான். தூக்கத்துலயும் அதான். விரல் போனதுக்குக்கூட அழல."

"ம்."

"நீங்கதான முன்னாடி இருந்தீங்க? உங்களுக்குத் தெரியாதா?"

"முன்னாடி போறவனுக்கு முதுகுலயா கண்ணு இருக்கு?"

"மூஞ்சி வீங்கிக் கிடக்கு. அங்கயே கீழ பல்லு டாக்டர் இருக்காங்க. வந்து காட்டிட்டு, அப்படியே மேல வந்து அவனைப் பாருங்க. அன்னைலேருந்து நீங்க அவன் முகத்தைப் பாக்கல" என்றாள். ஆணியில் தொங்கிய பையை எடுத்துத் தம்பிக்குச் சாப்பாட்டை அதில் அடுக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டாள். அதற்குள் அவன் குளியலறைக்குப் போய் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தான், பை போனதைக் கவனிக்கவில்லை.

பல் டாக்டர் சின்ன வயசுப் பெண். கண்ணுக்குக் கீழே கருப்பாக இருந்தது, காலையிலிருந்து எத்தனை வாயைப் பார்த்தாளோ. வாயைத் திறக்கச் சொல்லி விளக்கை இழுத்தாள்.

"கீழ்ப்பல்லைத் தேச்சது யாரு?"

"தானாத் தேஞ்சிருக்கும் டாக்டரம்மா."

"தானாத் தேஞ்சா இவ்வளவு மட்டமா, பளபளன்னு இருக்காது. யாரோ தொழில் தெரிஞ்சவங்க கை மாதிரி இருக்கு." ஒரு நீலத் தாளைப் பற்களுக்கு நடுவில் வைத்து, "கடிங்க" என்றாள். எடுத்துவிட்டுப் பார்த்தாள். "இவ்ளோ பெரிய வாயில ஒரே ஒரு புள்ளிதான் படுது. அந்த கேப்ல. மத்த பல்லெல்லாம் வேடிக்கை பாத்துட்டு நிக்குது. எழுந்து சுவரோரமா நில்லுங்க." நின்றான். தோளையும் தலையையும் பார்த்தாள். "கழுத்து வலி இருக்கா? காதுல சத்தம்?"

"இருக்கு. இதனாலயா?"

"இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம். அடிச்சு சொல்ல முடியாது. சில பேருக்கு வாய் கோணினா உடம்பும் கோணிக்கும். உட்காருங்க, முதல்ல கேப்பை இறக்கிடறேன்."

இயந்திரத்தின் ஊசிமுனை சுற்றத் தொடங்கியதும் தராசு நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்தான். "அதைத் தேய்க்கலாமா? வெந்தது ஆச்சே. வெடிச்சுறாதா?"

"ஏன் வெடிக்கணும்?" அவள் சிரித்தேவிட்டாள். "தினம் பத்து பேருக்குத் தேய்க்கிறேன். ரெண்டு நிமிஷ வேலை."

உண்மையாகவே அவ்வளவுதான் ஆனது. மண்டைக்குள் ஒரு விசில் சத்தம், கொஞ்சம் தண்ணீர், மறுபடி நீலத் தாள், மறுபடி விசில். கீழ்ப்பல்லில் நரம்பு திறந்து கிடக்கிறது, இப்போதைக்கு மருந்து வைத்து அடைக்கிறேன், பல் தங்குமா என்று போகப்போகத்தான் தெரியும் என்றாள். "இப்போ கடிங்க."

கடித்தான். எங்கும் இடிக்கவில்லை. இருந்த பற்களெல்லாம் ஒரே நேரத்தில் ஒன்றின்மேல் ஒன்று வந்து அமர்ந்தன, நன்றாக இழைத்த சட்டத்தில் கண்ணாடி இறங்குவது போல. தாடை வழக்கம்போல இடப்பக்கம் ஓடப் பார்த்தது. ஓட வேண்டிய அவசியம் இல்லை என்று தெரிந்து திகைத்து நின்றது. கழுத்தில் ஏதோ ஒரு முடிச்சு அவிழ்ந்து தோள் கீழே இறங்கியது. அவனுக்கு அழுகை வந்தது. வலியால் வருகிறது என்று நினைத்து அந்தப் பெண் பஞ்சை நீட்டினாள்.

"பழகின கோணல் ஒரே நாள்ல போகாது. ஆனா இப்பவே வித்தியாசம் தெரியுது பாருங்க. இதை அப்பவே வந்து காட்டியிருக்கலாமே?"

படிகளில் ஏறினான். கால் தானாகப் படியை எண்ணாமல் ஏறியது, உடம்பு நேராக அதன்மேல் வந்தது. இப்படி ஏறி எவ்வளவு நாளாயிற்று. பாரத்தோடு இந்தப் படிகளில் இப்போது ஏறினால் டீ தளும்பாது என்று கை நினைத்தது. நினைத்ததற்காகக் கையை வெட்டிப்போடலாம் போலிருந்தது. மேலே போய் என்ன சொல்வது என்று யோசித்தான். 'மச்சான், உன் கை விடல' என்று சொன்னால் போதும். நாலு சொல். பிறகு முதலாளியிடம் அதையே சொல்ல வேண்டும். பிறகு தேய்ப்புத் தொட்டி, துடைப்பம், வீடு. இனிமேல் நேராகத் தூக்க முடியும் என்கிறபோதா சொல்ல வேண்டும் என்றும் தோன்றியது.

வார்டின் கடைசிக் கட்டிலில் மச்சான் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வலது கை கட்டுக்குள் மரத்துண்டு போல மார்பில் கிடந்தது. பாதி முகத்தில் சோப்பு நுரை. பெண்டாட்டி கையில் ரேசரோடு கட்டில் விளிம்பில் இருந்தாள்.

"வாங்க. மூஞ்சி காடா கிடக்கேன்னு சவரம் பண்ணிவிடறேன். அக்கா அறுத்துடுவா, நான் பாத்துக்கிட்டே இருக்கணும்ங்கறான். நல்லவேளை, உங்க பையில இந்தக் கண்ணாடி கிடந்துச்சு. பேப்பர்ல சுத்திப் பத்திரமா வெச்சிருந்தீங்க, வீட்டுக்குன்னு எடுத்துட்டு வந்தீங்களா?"

மச்சானின் இடது கையில் இருந்தது அது. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கட்டைவிரல் வளைவின்மேல் மெதுவாக ஓடியது. தன்னுடைய தேய்ப்பு யாருக்குத் தெரியாவிட்டாலும் தேய்த்தவன் விரலுக்குத் தெரியும். வளைவின் நுனியில், உப்புப்போல் நொறுங்கிய இடத்தில், விரல் நின்றது. அதன் மேலேயே நின்றுகொண்டிருந்தது. பிறகு துண்டைத் திருப்பினான். பின்புறத்தைப் பார்த்தான். நிமிர்ந்து தராசைப் பார்த்தான், கால் முதல் தலை வரை, அளவு எடுப்பது போல.

"நேரா நிக்கிறீங்களே, மாமா" என்றான்.

தராசு வாயைத் திறந்தான். மருந்தின் கசப்பு நாக்கில் இருந்தது.

"கீழ பல்லு டாக்டர்கிட்ட போயிட்டு வந்தாரு" என்றாள் அவள். "ரெண்டு நாளா சாப்பிடக்கூட முடியல பாவம். இந்தா, ஆட்டாம பிடிடா, அந்தப் பக்கம் வழிக்கணும்."

"இடது கைல நிக்க மாட்டேங்குதுக்கா. கோணலாத் தெரியுது." அவன் கண் தராசை விட்டு நகரவில்லை. "மாமாகிட்டக் குடு. மட்டமாப் பிடிக்கிறதுல அவருக்கு மிஞ்சின ஆள் ஏது."

அவள் வாங்கி நீட்டினாள். தராசு வாங்கிக்கொண்டான். கட்டிலருகே போய் நின்று, அதை இரண்டு கையாலும் மச்சானின் முகத்துக்கு நேரே பிடித்தான். மறந்து போய்ப் பல்லைக் கடித்தான். வலியில்லை. பற்கள் அத்தனையும் வந்து அமர்ந்தன. கழுத்து பூட்டிக்கொண்டது, முதுகு பூட்டிக்கொண்டது, கை இம்மியும் ஆடவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரேசர் கன்னத்தில் இறங்கும் சரசரப்பு கேட்டது. இந்தப் பக்கம், அவன் கண்ணுக்கு நேராக, சாம்பல் நிறப் பெயிண்ட்டின் மேல் அந்தச் சிவப்பு டிக் இருந்தது.